இலவச ஃபாண்ட்: ஜிப் ஃபைலுக்குள்ள முதல்ல எதைத் திறக்கணும்

நான் லேபிள், லோகோ, போஸ்டர், புத்தக அட்டைனு டிசைன் வேலை பண்ணிட்டு இருக்கேன், ஃப்ரீலான்ஸ்தான். ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு வருஷம் ஃபாண்டை காசு குடுத்து வாங்கற நெலமைல நான் இல்ல, அதனால எங்க ஃப்ரீனு எழுதியிருந்தாலும் டவுன்லோட் பண்ணி ஒரே ஃபோல்டர்ல கொட்டிடுவேன். ஒரு நாள் எண்ணிப் பாத்தா நாலாயிரத்துக்கு மேல இருக்கு. மெனுவைத் திறந்தா சாஃப்ட்வேர் அரை நிமிஷம் அப்படியே நின்னுடும், அதுல பாதி எங்கேருந்து வந்துச்சு, யார் பண்ணினது, எதுக்கெல்லாம் யூஸ் பண்ணலாம் எதுவுமே எனக்குத் தெரியாது.

அப்பதான் கையால சோப்பு செஞ்சு விக்கிற ஒரு சின்ன கம்பெனிக்கு லேபிள் பண்ணிக் குடுத்தேன். பிரஷ்ல எழுதின மாதிரி ஒரு ஸ்க்ரிப்ட் ஃபாண்ட், அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு, லேபிள்ல ஆரம்பிச்சு டப்பா, பை, போர்டுனு எல்லாத்துலயும் அதேதான். நாலு மாசம் கழிச்சு அவங்களுக்கு ஒரு மெயில். அந்த ஃபாண்டை வரைஞ்ச டிசைனர் அனுப்பியிருக்காரு, உங்க பொருள்ல என்னோட எழுத்து இருக்கு, கமர்ஷியல் லைசன்ஸ் வாங்கியிருக்கீங்களானு மரியாதையாத்தான் கேட்டிருக்காரு. எனக்குக் கை காலெல்லாம் ஓடல. பழைய ஜிப் ஃபைலைத் தேடி எடுத்துத் திறந்தா உள்ள ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல், மூணே வரி, சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், வியாபாரத்துக்குனா என்னைத் தொடர்பு கொள்ளுங்கனு தெளிவா எழுதியிருக்கு. அந்த ஃபைலை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்ல, ஃபாண்டை ரெண்டு க்ளிக்ல இன்ஸ்டால் பண்ணிட்டு வேலையைப் பாத்துட்டேன்.

அன்னிக்கே அவருக்கு நேரடியா எழுதி மன்னிப்பு கேட்டேன், வழக்கமான லைசன்ஸ் தொகையை மட்டும்தான் கேட்டாரு, அதை என் கைக்காசுலதான் கட்டினேன். கம்பெனிக்காரங்க பிரிண்டிங்கை ஒரு வாரம் நிறுத்தி வெச்சாங்க. இந்த ஒரு விஷயத்தைத்தான் இதை எழுதும்போதும் மனசுல வெச்சிருக்கேன், ஃபாண்டைப் பாக்கறதுக்கு முன்னாடி அதோட லைசன்ஸைப் பாருங்க, புடிச்சப்புறம் பாத்தா மனசு கேக்காது, எப்படியாவது சமாளிச்சுடலாம்னு தோணும்.

ஃப்ரீங்கற ஒரே வார்த்தைக்குள்ள பல சங்கதி இருக்குனு அதுக்கப்புறம்தான் புரிஞ்சுது. சிலது சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம், அதாவது வீட்டு விசேஷ கார்டு மாதிரி காசு புழங்காத வேலைக்கு. சிலது டெமோ, அதுல கேப்பிடல் எழுத்து மட்டும் இருக்கும், இல்லனா நம்பர் இருக்காது, நிறுத்தக்குறி இருக்காது, டிசைன் பாதி முடிஞ்சப்புறம்தான் அது தெரியவரும். சிலதுல கமர்ஷியலா யூஸ் பண்ணலாம், ஆனா ஃபைலை வேற யாருக்கும் குடுக்கக்கூடாது, எழுத்தை மாத்தக்கூடாதுனு அவங்களே எழுதின தனி நிபந்தனை இருக்கும். கடைசியா இருக்கறதுதான் ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுத்து யூஸ் பண்ணலாம், மாத்தலாம், பகிரலாம்னு வரைஞ்சவங்களே திறந்து விட்டது, நான் இன்னிக்கு பெரும்பாலும் இதுலதான் இருக்கேன்.

ஓப்பன் சோர்ஸ் ஃபாண்டுல அதிகமா பாக்கறது எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸ், சுருக்கமா ஓஎஃப்எல். இப்ப புழக்கத்துல இருக்கற 1.1 வெர்ஷன் 2007ல வந்துச்சு. முழுசா படிச்சா ரெண்டு பக்கம்கூட வராது, தயவுசெஞ்சு ஒரு தடவை படிச்சுடுங்க, ஏன்னா அது நமக்கு எவ்ளோ தாராளமா இடம் குடுக்குதுனு படிச்சாதான் தெரியும். லோகோ பண்ணலாம், டிஷர்ட்ல அடிச்சு விக்கலாம், புத்தகம் போடலாம், ஆப்ல சேக்கலாம், ஃபாண்டைத் திறந்து எழுத்தையே மாத்தலாம், கிளையண்டுக்கு ஃபைலையும் சேத்துக் குடுக்கலாம். கூடாதுங்கறது ரொம்பக் கம்மி. ஃபாண்ட் ஃபைலை மட்டும் தனியா விக்கக்கூடாது. ஃபைலைப் பகிரும்போது காப்புரிமைக் குறிப்பையும் லைசன்ஸையும் கூடவே குடுக்கணும். மாத்தி வெளியிட்டா அதே லைசன்ஸ்லதான் வெளியிடணும், மூலத்துல பேரை ரிசர்வ் பண்ணி வெச்சிருந்தா நாம மாத்தினதுக்கு வேற பேர் வெக்கணும். நிறைய பேர் என்கிட்ட கேக்கற சந்தேகம், ஓஎஃப்எல் ஃபாண்ட்ல லோகோ பண்ணினா அந்த லோகோவும் ஓப்பன் சோர்ஸ் ஆயிடுமானு. ஆகாது. ஃபாண்டை வெச்சு உருவாக்கின டாக்குமெண்டுக்கு அந்த நிபந்தனை பொருந்தாதுனு லைசன்ஸ்லயே எழுதியிருக்கு.

இன்னொரு எச்சரிக்கை. ஃபாண்ட் பேருக்குப் பக்கத்துல இருக்கற லேபிளை மட்டும் நம்பி இறங்காதீங்க, யாரோ ஒருத்தர் ஃபாண்டை எடுத்து வேற இடத்துல ஏத்தி, இலவசம்னு தப்பா போட்டிருப்பாங்க, காசுக்கு விக்கிற ஃபாண்டுகூட அப்படி சுத்திட்டு இருக்கும். வரைஞ்ச டிசைனரோட சொந்தப் பக்கம், இல்லனா ஃபைலைத் திறந்து பகிர்ற கிட்ஹப் வெப்சைட்ல அவரோட ரெப்போ (அந்த ஃபாண்டோட மூல ஃபைல் இருக்கற பக்கம்), அங்க போய்ப் பாத்துட்டுதான் எடுக்கணும். ரெண்டு நிமிஷ வேலைதான்.

சரி, எங்க தேடறது. எல்லாருக்கும் தெரிஞ்சது கூகுள் ஃபாண்ட்ஸ், 2010ல ஆரம்பிச்சாங்க, அதுல இருக்கறது எல்லாமே ஓப்பன் சோர்ஸ், பெரும்பாலும் ஓஎஃப்எல், கொஞ்சம் அப்பாச்சிங்கற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ். ஆனா பலபேர் அங்க போய் பாப்புலர்னு வரிசைப்படுத்தி முதல் இருபதுலயே நின்னுடறாங்க, அதனாலதான் எல்லா டிசைனும் ஒரே முகமா தெரியுது. நான் மொழியை ஃபில்டர்ல வெச்சுட்டு, எத்தனை வெயிட் (மெல்லிசு, தடிமன்னு ஒரே எழுத்தோட வகைகள்) வேணும்னு வெச்சுட்டு, என் கிளையண்டோட பேரையே ப்ரிவியூல டைப் பண்ணிட்டு, கடைசிப் பக்கத்துலேருந்து மேல வருவேன். ஒரு ஃபாண்ட் புடிச்சா அதை வரைஞ்சவங்களோட மத்த ஃபாண்டையும் போய்ப் பாப்பேன், இந்த வழிலதான் எனக்கு நல்ல ஃபாண்ட் அதிகமா கிடைச்சிருக்கு. கேட்டலாக்ல தேடறதைவிட ஆளைத் தேடுங்க.

கூகுளைத் தாண்டி நான் அடிக்கடி போற இடம் சிலது இருக்கு. லீக் ஆஃப் மூவபிள் டைப், 2009லேருந்து இருக்காங்க, கொஞ்சமாத்தான் வெச்சிருக்காங்க, ஆனா பொறுக்கி எடுத்தது. பிரான்ஸ்லேருந்து வெல்வெட்டைன், அங்க இருக்கறதெல்லாம் துணிச்சலான எழுத்து, கச்சேரி போஸ்டர், கலைக் கண்காட்சி மாதிரி வேலைக்கு அங்கதான் போவேன், பத்திரிகைப் பத்திக்கு அது சரிப்படாது. ஃபாண்ட்ஷேர், இது இண்டியன் டைப் ஃபவுண்ட்ரியோடது, சடோஷி, கிளாஷ் டிஸ்ப்ளே, ஜெனரல் சான்ஸ் எல்லாம் அங்கேருந்து வந்ததுதான், கமர்ஷியலா யூஸ் பண்ணலாம், ஆனா பலதுக்கு அவங்களோட சொந்த லைசன்ஸ், ஓஎஃப்எல் மாதிரி மாத்தவோ ஃபைலைப் பகிரவோ முடியாது, அதை மனசுல வெச்சுக்கங்க. ஃபாண்ட் ஸ்குவிரல்லயும் கமர்ஷியலுக்கு ஆகறதாப் பாத்துப் பொறுக்கி வெச்சிருக்காங்க, ஒரு படத்தைக் குடுத்தா அது என்ன ஃபாண்ட்னு கண்டுபுடிக்கிற கருவியும் இருக்கு. டாஃபாண்ட் மாதிரி இடத்துக்கும் போகலாம், ஒவ்வொரு ஃபாண்டுக்குப் பக்கத்துலயும் என்ன வகை இலவசம்னு போட்டிருப்பாங்க, ஆனா என் சோப்பு லேபிள் கதை ஞாபகம் இருக்கட்டும்.

ஒரு ஃபாண்ட் எங்கேருந்து வந்துச்சுனு தெரிஞ்சுக்கறது வெறும் பொது அறிவு இல்ல, எங்க போடலாம்னு முடிவு பண்ண நேரடியா உதவும். லீக் காத்திக்ங்கற ஃபாண்டுக்கு மூலம் மாரிஸ் ஃபுல்லர் பெண்டன் 1903ல வரைஞ்ச ஆல்டர்நேட் காத்திக், குறுகலா உயரமா இருக்கும், தலைப்புக்குனே பொறந்த எழுத்து, அதை ஒரு பத்தி முழுக்கப் போட்டா மூச்சு முட்டும். இபி கேரமண்ட், 1592ல வந்த ஒரு எழுத்து மாதிரித்தாளைப் பாத்து கியோர்க் டஃப்னர் உருவாக்கினது, நாவல், கட்டுரை மாதிரி நீளமாப் படிக்கிற விஷயத்துல உக்காந்துடும். மான்செராட், புவெனஸ் ஐரஸ்ல அதே பேர்ல இருக்கற பகுதியோட பழைய போர்டு, போஸ்டர் எழுத்துலேருந்து ஹுலியெட்டா உலனோவ்ஸ்கி எடுத்தது, அதான் அகலமா, தூரத்துலேருந்து தெரியற மாதிரி இருக்கு. இதைப் படிச்சப்புறம் மான்செராட்டை நான் சின்ன சைஸ்ல நெருக்கிப் போடறதையே விட்டுட்டேன்.

இப்ப டெஸ்ட் பண்ற விஷயத்துக்கு வரேன், இதுலதான் நான் அதிகமா அடிபட்டிருக்கேன். ஒரு விசிட்டிங் கார்டு, ரேல்வேங்கற (Raleway) ஃபாண்ட்ல பண்ணினேன். பேர் அவ்ளோ அழகா வந்துச்சு, கீழ ஃபோன் நம்பரைப் போட்டா நம்பர் மேலயும் கீழயும் குதிக்குது. 3, 4, 5, 7, 9 எல்லாம் கோட்டுக்குக் கீழ எறங்குது, 6ம் 8ம் மேல ஏறுது, 0, 1, 2 குட்டையா நடுவுல நிக்குது. ஃபாண்ட் கெட்டுப்போச்சோனு நெனச்சேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, அதுக்கு ஓல்ட் ஸ்டைல் நம்பர்னு பேரு, ஓடற வாக்கியத்துக்கு நடுவுல வந்தா அழகா கலந்துக்கும், ரேல்வேல அதுதான் டிஃபால்ட். அதே ஃபாண்டுக்குள்ளயே சமமான உயரத்துல இன்னொரு செட் நம்பர் இருக்கு, சாஃப்ட்வேர்ல ஓப்பன்டைப் மெனுவுக்குப் போய் லைனிங் ஃபிகர்ஸ்னு ஆன் பண்ணினா போதும். அதே மாதிரி டேபிள்ல நம்பர் நேரா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நிக்கணும்னா டேபுலர் ஃபிகர்ஸ் வேணும், இன்டர், ஐபிஎம் பிளெக்ஸ், சோர்ஸ் சான்ஸ் மாதிரி ஃபாண்ட் அதுல நம்மளைக் கைவிடாது.

அதுலேருந்து ஒரு டெஸ்ட் பக்கம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன், எந்த ஃபாண்டையும் அதுல போட்டுப் பாத்துட்டுதான் வேலைக்கு எடுப்பேன். பூஜ்யமும் ஓவும் (O), ஒண்ணும் சின்ன எல்லும் (l) பெரிய ஐயும் (I) பக்கத்துல பக்கத்துல, ஆரும் (r) என்னும் (n) ஒட்டினா எம் (m) மாதிரி தெரியுதானு ஒரு வார்த்தை, ஏவும் (A) வியும் (V) சேர்ற இடத்துல ஓட்டை விழுதானு ஒரு வார்த்தை, தலைல குறி போட்ட ஐரோப்பியப் பேர் ரெண்டு, கரன்சி குறிகள், அப்பறம் 7 பாயிண்ட்ல ஒரு முழு பத்தி. ஸ்க்ரீன்ல பாத்தா பத்தாது, பிரிண்ட் எடுத்துப் பாருங்க, மெல்லிசான வெயிட் எல்லாம் ஸ்க்ரீன்ல ஜம்முனு இருக்கும், பேப்பர்ல அப்படியே கரைஞ்சு போயிடும். இன்னொண்ணு, ஃபாண்ட்ல போல்ட் ஃபைல் இருக்கானு பாருங்க. இல்லாத ஃபாண்டுக்கு போல்ட் பட்டனை அழுத்தினா சில சாஃப்ட்வேர் தானே ஓரத்தைத் தடிமனாக்கிப் போலி போல்ட் பண்ணிடும், எழுத்துக்குள்ள இருக்கற வெள்ளை அடைஞ்சு போகும். நல்ல ஃபாண்ட் ஒரே ஒரு வெயிட்ல இருந்தா அதைத் தலைப்புக்கு மட்டும் வெச்சுக்கங்க.

தமிழ் ஃபாண்டுக்கு வந்தா இது இன்னும் பெரிய சங்கதி, கொஞ்சம் நேரம் எடுத்தே சொல்றேன். முதல்ல யூனிகோடானு பாருங்க, அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் குடுக்கற பொது முறை. பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கும், ஃபாண்டை மாத்தின நிமிஷமே மொத்த டெக்ஸ்டும் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா மாறிடும், அதனால கிளையண்ட் அந்த டைப்ல குடுத்தா முதல்ல யூனிகோடுக்கு கன்வெர்ட் பண்ணிட்டுத்தான் ஃபாண்டையே தேட ஆரம்பிப்பேன். அடுத்தது, ஃபாண்ட் நல்லாவே இருந்தும் எழுத்து உடைஞ்சு தெரியும். கொடினு டைப் பண்ணினா கவுக்கு முன்னாடி வரவேண்டிய கொம்பு பின்னாடி போய் புள்ளி வட்டத்தோட நிக்கும். இதுக்காக நான் ஒரு காலத்துல ஏழெட்டு நல்ல ஃபாண்டை டெலிட் பண்ணிட்டேன், தப்பு ஃபாண்ட்ல இல்ல, சாஃப்ட்வேர் செட்டிங்ல. புத்தக லேஅவுட் பண்ற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல பாராகிராஃப் மெனுவுல வேர்ல்ட் ரெடி கம்போசர்னு ஒண்ணு இருக்கு, அதைத் தேர்ந்தெடுக்கணும், போட்டோஷாப்போட பழைய வெர்ஷன்கள்ல ப்ரெஃபரன்ஸ்ல டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் என்ஜினை மாத்திட்டு, பழைய டெக்ஸ்ட் லேயர்லயும் மாத்தணும். இங்க்ஸ்கேப்ல இந்தப் பிரச்னையே எனக்கு வந்ததில்ல.

தமிழுக்கு என் டெஸ்ட் வார்த்தைகள் தனி. கௌரி, ஞெகிழி, நூலூறும், ஸ்ரீ, லக்ஷ்மி, டூ, ஙூ. உகர ஊகார எழுத்துலதான் ஃபாண்ட் பண்ணினவங்களோட உழைப்பு தெரியும், கூ, ரூ, ழூ எல்லாம் ஒவ்வொண்ணும் தனி வடிவம், அவசரமாப் பண்ணின ஃபாண்ட்ல இங்கதான் வளைவு கோணலா நிக்கும், பக்கத்து எழுத்துல இடிக்கும். புள்ளியையும் பாருங்க, சின்ன சைஸ்ல மெய்யெழுத்துப் புள்ளி மறைஞ்சா வார்த்தையே மாறிடும்.

நான் நம்பி எடுக்கற தமிழ் ஃபாண்ட் எதுனு கேட்டா, கேட்டமரன், கட்டுமரம்ங்கற நம்ம வார்த்தைலேருந்து வந்த பேரு, பிரியா ரவிச்சந்திரன் பண்ணினது, ரொம்ப மெல்லிசுலேருந்து ரொம்பத் தடிமன் வரைக்கும் ஒம்போது வெயிட். முக்தா மலர், ஏழு வெயிட், ஆப், ஃபாரம், பத்தி எதுல போட்டாலும் கண்ணை உறுத்தாது. ஹிந்த் மதுரை, அஞ்சு வெயிட், சின்ன சைஸ்ல தெளிவு. குழந்தைங்க புத்தகம், விளையாட்டு சாமான்னா பலூ தம்பி, உருண்டையா கொழுகொழுனு இருக்கும். அனெக் தமிழ் வேரியபிள் ஃபாண்ட், தடிமனையும் அகலத்தையும் தனித்தனியா நகர்த்தலாம். இது நமக்கு ஏன் பெரிய வரம்னா தமிழ் வார்த்தை அகலமா ஓடும், இங்கிலீஷ்ல அரை வரில முடியற தலைப்பு தமிழ்ல முழு வரியைத் தின்னும், அப்ப சைஸைக் குறைக்காம, எழுத்தைப் போட்டு இழுத்து நசுக்காம, அகலத்தை மட்டும் டிசைனர் வரைஞ்சு வெச்ச அளவுக்குள்ள குறைச்சுக்கலாம். புத்தகத்துக்கு சன்னமும் தடிமனும் மாறி வர்ற எழுத்து வேணும்னா நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ். நோட்டோங்கற பேரே நோ டோஃபுங்கறதுலேருந்து வந்துச்சு, எழுத்து இல்லாத இடத்துல தெரியுமே வெத்துக் கட்டம், அதுக்குத்தான் டோஃபுனு பேரு, எந்த மொழிக்கும் அந்தக் கட்டம் வரக்கூடாதுனு தொடங்கின வேலை அது.

இதுல பலதுல தமிழும் இங்கிலீஷும் ஒரே ஃபாண்டுக்குள்ள, கோட்டோட தடிமன் பொருந்தற மாதிரி வரைஞ்சிருப்பாங்க. ரெண்டு மொழி டிசைனுக்கு நான் பெரும்பாலும் அதையேதான் எடுக்கறேன். தனித்தனி ஃபாண்ட் சேக்கணும்னா சைஸ் நம்பரை நம்பாதீங்க, ரெண்டையும் 12ல வெச்சா ஒண்ணு பெருசா தெரியும், கண்ணால பாத்து ஒண்ணைக் குறைங்க, வரி இடைவெளியைத் தமிழுக்கு வேணுங்கற அளவுக்கு வைங்க, கி, கு மாதிரி எழுத்துல வர்ற கொக்கியும் விலங்கும் மேலயும் கீழயும் இடிக்காம இருக்கணும். தமிழைச் சாய்க்காதீங்க, அழுத்தம் வேணும்னா வெயிட்டை ஏத்துங்க. சாய்ஞ்ச எழுத்துதான் வேணும்னா கவிவாணர் மாதிரி சாய்வாவே வரைஞ்ச ஃபாண்டை எடுங்க.

ஃபைல் ஒழுங்கு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஒவ்வொரு ப்ராஜெக்ட் ஃபோல்டர்லயும் ஃபாண்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுல ஃபாண்ட் ஃபைல், லைசன்ஸ் டெக்ஸ்ட், எடுத்த தேதி, எங்கேருந்து எடுத்தேன்ங்கற லிங்க். டவுன்லோட் பண்ணின ஜிப் அப்படியே ஒரு காப்பி. இதை ஏன் இவ்ளோ கண்டிப்பாச் சொல்றேன்னா, 160 பக்க புத்தகம் ஒண்ணு லேஅவுட் முடிச்சு வெச்சிருந்தேன், நடுவுல அதே ஃபாண்டோட புது வெர்ஷனை இன்ஸ்டால் பண்ணிட்டேன், எழுத்து அகலம் இத்துனூண்டு மாறியிருக்கு, வரி எல்லாம் நகர்ந்து 160 பக்கம் 163 ஆயிடுச்சு, பொருளடக்கம், பக்க எண் எல்லாமே தப்பு. பழைய ஜிப் இருந்ததால ஒரு மணி நேரத்துல மீட்டேன். ஆரம்பத்துல சொன்ன அந்த நாலாயிரம் ஃபாண்டையும் மொத்தமா அழிச்சுட்டேன், இப்ப என்கிட்ட அறுபது குடும்பத்துக்குள்ளதான் இருக்கு, ஒவ்வொண்ணும் எந்த சைஸ்ல எப்படி இருக்கும்னு பாக்காமலே சொல்லுவேன். பிரிண்டுக்கு அனுப்பும்போது ஃபாண்ட் எம்பெட் ஆன (ஃபைலுக்குள்ளயே சேந்திருக்கற) பிடிஎஃப், லோகோவா இருந்தா அவுட்லைன் ஆக்கின (எழுத்தை வெறும் வடிவமா மாத்தின) காப்பி, எடிட் பண்ணக்கூடிய மூல ஃபைல் தனியா நம்மகிட்ட. வெப்சைட்டுக்குனா ஃபாண்டை டவுன்லோட் பண்ணி நம்ம சர்வர்லயே வைங்க, 2022ல ஜெர்மனில ம்யூனிக் கோர்ட் ஒண்ணு, கூகுள் சர்வர்லேருந்து நேரடியா ஃபாண்டை லோட் பண்றது பாக்கறவங்களோட ஐபி அட்ரஸை அனுமதியில்லாம அனுப்பறதாகும்னு தீர்ப்பு குடுத்துச்சு.

இலவசம்னா அதை வரைஞ்சவங்களுக்கு நாம குடுக்க ஒண்ணும் இல்லனு இல்ல. புத்தகம் பண்ணினா கடைசிப் பக்கத்துல ஃபாண்ட் பேரும் டிசைனர் பேரும் போடறேன், கேக்காமலே போடறேன், பதிப்பாளருங்க யாரும் இதுவரைக்கும் வேண்டாம்னு சொல்லல. தப்பு பாத்தா கிட்ஹப்ல எழுதறேன். போன வருஷம் ஒரு தமிழ் ஃபாண்ட்ல ஒற்றைக்கொம்பும் ஞவும் சேர்ற இடத்துல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசுது, ஞெகிழினு பெருசா தலைப்பு போட்டப்பதான் கண்ணுல பட்டுச்சு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எந்த வெர்ஷன், எந்த வெயிட், எந்த சாஃப்ட்வேர்னு எல்லாம் எழுதிப் போட்டேன், பதில் வரும்னுகூட நான் எதிர்பாக்கல. மூணாவது நாள் வரைஞ்சவரே வந்து நன்றி சொல்லிட்டு, லைட்டுலயும் போல்டுலயும் இதே மாதிரி இருக்கானு பாத்துச் சொல்ல முடியுமானு கேட்டாரு. எல்லா வெயிட்டையும் பிரிண்ட் எடுத்து பேனால வட்டம் போட்டு அனுப்பினேன். அடுத்த வெர்ஷன்ல அந்தக் கொம்பு ஒரு நூல் அளவு தள்ளி நிக்குது, பழைய வெர்ஷன் பிரிண்டையும் புது வெர்ஷன் பிரிண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு என் மேஜைக்கு மேல ஒட்டி வெச்சிருக்கேன்.